பூனையின் நாக்கும் ஆறாத புண்ணும்

பூனையின் நாக்கு உப்புத்தாளாகச் சொரசொரப்பதற்குக் காரணம் அதன் மேல் நிற்கும் முட்கள். நகத்தையும் மயிரையும் உருவாக்கும் கெரட்டின் என்ற புரதமே இந்த முட்களையும் ஆக்கியிருக்கிறது. எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்தவை. வீட்டுப் பூனையின் நாக்கில் ஏறத்தாழ 290 முட்கள் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு சிறு குழிவு இருப்பது தெரியவந்தது. அந்தக் குழிவு வாயிலிருந்து எச்சிலை ஏந்திப்போய், மேல்மயிரைக் கடந்து அடியிலுள்ள தோல் வரை கொண்டு சேர்க்கிறது. நல்ல தோலுக்கு இதைவிடச் சிறந்த சீப்பு கிடையாது. தோல் கிழிந்த இடத்தில் அதே முட்கள் புதிதாக வளரும் திசுவைச் சுரண்டி எடுக்கின்றன.

விலங்கு நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. அது முழுப் பொய்யல்ல. பாலூட்டிகளின் எச்சிலில் லைசோசைம், லாக்டோஃபெரின் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்களும், திசு வளர்ச்சியைத் தூண்டும் சில புரதங்களும் இருக்கின்றன. நாயின் எச்சில் சில பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்று 1990-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேறு சில பாக்டீரியாக்களிடம் அது அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. பூனையின் வாயோ நுண்ணுயிர்களின் குடியிருப்பு. பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா பெரும்பாலான பூனைகளின் வாயில் இயல்பாகவே வாழ்கிறது. காற்றில்லாத இடத்தில் பெருகும் இனங்களும் அதனுடன் உண்டு. பூனைச் சண்டையில் பட்ட கடி மூன்று நான்கு நாளில் சீழ்க்கட்டியாக வீங்குவது இவற்றால்தான். அழுக்கு படிந்த காயத்தோடு தனியே அலையும் விலங்குக்கு நக்குவது ஓரளவு உதவும். மருத்துவர் கழுவி, தைத்து, மூடிய காயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பூனையின் தோல் ஆறும் வேகத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பின் வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. அதன் பிறகு சிவந்த புதுத்திசு பள்ளத்தை நிரப்ப, ஓரங்களிலிருந்து தோல் செல்கள் மெல்ல ஊர்ந்து வந்து மேலே மூடுகின்றன. இறுதியில் தழும்பு பல வாரங்களுக்கு இறுகிக்கொண்டிருக்கும். எல்லாப் பாலூட்டிகளுக்கும் வரிசை இதுதான். ஆனால் நாயோடு ஒப்பிட்டால் பூனையில் வேகம் குறைவு. இரண்டின் காயங்களையும் அருகருகே வைத்துச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், தைத்த காயம் ஏழாம் நாளில் நாயிடம் பெற்றிருந்த வலிமையில் பாதியைத்தான் பூனையிடம் பெற்றிருந்தது. தைக்காமல் விட்ட காயத்திலும் பூனைக்குப் புதுத்திசு தாமதமாகவே தோன்றியது. வெளியே பார்த்தால் ஒட்டிக்கொண்டதாகத் தெரியும் தையல் உள்ளே இன்னும் வலுவற்றிருக்கலாம் என்பது இதன் பொருள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் என்று மருத்துவர் குறிப்பதும், அதுவரை நாக்கு அண்டக் கூடாது என்பதும் இந்தப் பலவீனத்தைக் கருதியே.

நாக்கு பொருக்கைப் பெயர்க்கும். ஊர்ந்து வரும் தோல் செல்களை வழித்தெடுக்கும். ஓயாத ஈரத்தில் காயத்தைச் சுற்றிய தோல் ஊறி வெளுத்துப்போகும். பற்களின் வேலை வேறு. முன்பக்கத்துச் சின்ன வெட்டுப் பற்களால் பூனை மயிரில் சிக்கிய முள்ளையும் பூச்சியையும் பிடுங்கி எறியும். தையல் நூலும் அதற்கு அப்படி ஒரு அன்னியப் பொருளே. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்ததற்கு நேரம் ஆகாது. வயிற்றில் போட்ட தையல் திறந்துகொண்டால் உள்ளுறுப்பு வெளியே வரலாம். அப்படி நேர்ந்தால் உறுப்பை உள்ளே தள்ள முயலாமல், உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஆபத்தைத் தெரிந்தே பல மருத்துவர்கள் தோலுக்கு அடியில் மறையும் தையலைப் பூனைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடிக்க நூல்முனை வெளியே இருக்காது.

பூனை ஏன் அந்த இடத்தையே குறிவைக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் வலி. நோவை வெளிக்காட்டாத விலங்கு அது. முனகாது, நொண்டுவதையும் மறைக்கும். வலிக்கும் இடத்தை நக்குவதுதான் அது தரும் தெளிவான சைகை. வலிநிவாரணி போதாத பூனைக்கு எந்தத் தடையைப் போட்டாலும் அதோடு மல்லுக்கட்டும். ஆறிவரும் புண் அரிப்பதும், சவரம் செய்த தோலில் முளைவிடும் மயிர் குத்துவதும், இழுத்துக் கட்டிய தையலும், பிசின் பட்டையும், கிருமிநாசினியின் வாடையும் பிற காரணங்கள். நேற்றுவரை சும்மா இருந்த பூனை இன்று திடீரென விடாமல் நக்கினால் உள்ளே சீழ் வைத்திருக்கக்கூடும். ஆகவே தடையைத் தேடுவதற்கு முன் காயத்தைப் பார்ப்பது முறை. சிவப்பு பரவுதல், வீக்கம், சூடு, நாற்றம், கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் அது மருத்துவர் பார்க்க வேண்டிய புண்.

வலிக்கு வீட்டு மாத்திரை மட்டும் கூடவே கூடாது. மனிதக் கல்லீரல் பாராசிட்டமாலைச் செயலிழக்கச் செய்யப் பயன்படுத்தும் நொதி பூனைக்கு வேலை செய்வதில்லை. அதன் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதடைந்து கிடக்கிறது. அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இப்யூபுரூஃபனும் நஞ்சு. ஆஸ்பிரின் பூனையின் உடலில் நாள்கணக்கில் தங்கும். பூனைக்கென்று அளவு நிர்ணயித்த மருந்துகள் தனியே இருக்கின்றன, அவற்றை எடைபார்த்து மருத்துவரே தர வேண்டும்.

நாக்கைத் தடுக்கும் கருவிகளில் பழையதும் உறுதியானதும் கழுத்தில் மாட்டும் கூம்பு. மருத்துவமனைகளில் இதை ஈ-காலர் என்றோ கோன் என்றோ கேட்டு வாங்கலாம். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்துச் சீமாட்டிகளும் சீமான்களும் அணிந்த மடிப்புக் கழுத்துப்பட்டையின் சாயல் இருப்பதால் எலிசபெத் காலர் என்பது முழுப்பெயர். கடையில் கிடைக்காத ஊர்களில் பழைய எக்ஸ்ரே படத்தாளை வட்டமாக வெட்டிக் கூம்பாக ஒட்டிக்கொள்வது இந்தியக் கால்நடை மருத்துவர்களின் நெடுநாள் கைவேலை. லேசானது, ஒளி புகுவது, செலவில்லாதது. விளிம்பில் மட்டும் துணிப்பட்டையோ பிளாஸ்டரோ ஒட்டாவிட்டால் கழுத்தை அறுக்கும்.

கூம்பு பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அளவே காரணம். வெளி விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டராவது நீள வேண்டும். நாயைவிடப் பூனையின் முதுகெலும்பு வளைந்துகொடுக்கும். குட்டையான கூம்பைச் சுற்றி நாக்கை எட்டவைக்க அதற்குத் தெரியும். கழுத்துப் பக்கம் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். அதைவிடத் தளர்ந்தால் முன்காலை உள்ளே விட்டுக் கழற்றிவிடும், அல்லது கீழ்த்தாடை பட்டையில் மாட்டிக்கொண்டு திணறும். மாட்டிய முதல் ஒரு மணி நேரம் கூட இருந்து கவனிப்பது இதற்காகத்தான். பூனை பின்பக்கமாகவே நடக்கும், தரையோடு படுத்துக்கொள்ளும், சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். பல வீடுகளில் கூம்பு கழன்றுவிடுவதும் அந்தப் பாவம் பார்க்கும் கணத்தில்தான், அதுவும் பூனையின் முயற்சியால் அல்ல. பெரும்பாலான பூனைகள் ஓரிரு நாளில் பழகிவிடுகின்றன.

அந்த அவதி கற்பனையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், பூனை வளர்க்கும் 434 பேரிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட முடிவில், 77.4 விழுக்காட்டினர் கூம்பு போட்டிருந்த நாள்களில் தங்கள் விலங்கின் வாழ்க்கைத் தரம் தாழ்ந்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கச் சிரமம், விளையாட்டு நின்றுபோதல், தோல் உராய்தல் போன்றவை அவர்கள் அடுக்கிய குறைகள். இதிலிருந்து கூம்பே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவது அவசரம்; பிரிந்த தையலை மறுபடி மயக்கம் கொடுத்துத் தைப்பது அதைவிடப் பெரிய துன்பம். கூம்போடு வாழும் வீட்டைக் கொஞ்சம் மாற்றியமைத்தால் பாதிக் குறை தீரும். ஆழமான கிண்ணத்துக்குப் பதிலாகத் தட்டையான தட்டைச் சிறு பலகைமேல் உயர்த்தி வைத்தால் விளிம்பு தரையில் முட்டாது. மணல் தட்டின் மூடியை எடுத்துவிட வேண்டும், ஒரு பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் நல்லது. அலமாரி உச்சிக்குத் தாவும் வழியை அடைக்கலாம்: மீசை மயிர் கூம்புச் சுவரில் உரசிக்கொண்டே இருப்பதாலும் பக்கப் பார்வை மறைவதாலும் பூனைக்குத் தூரம் தப்பும்.

மென்மையான மாற்றுகளுக்கு இப்போது குறைவில்லை. துணிக்கூம்பு தூங்க வசதியானது, ஆனால் பிடிவாதக்காரப் பூனை அதை மடக்கிவிடும். காற்றடைத்த வளையம் கழுத்தைச் சுற்றி அமர்ந்து பார்வையை மறைக்காமல் இருக்கும். மார்புக்கும் முதுகுக்கும் அது சரிப்படும், ஆனால் கால் பாதத்துக்கும் வால் நுனிக்கும் தடையே இல்லை. பெட்டைப் பூனையின் கருத்தடைத் தையலுக்கு, வயிற்றில் இருந்தாலும் விலாவில் இருந்தாலும், உடலோடு ஒட்டிய பருத்திச் சட்டை நல்ல தேர்வு. கைக்குழந்தையின் பழைய பனியனில் கால்களுக்கும் வாலுக்கும் துளை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அது நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், நாள்தோறும் தூக்கித் தையலைப் பார்க்க வேண்டும், துணியின் மேலேயே நக்கி ஈரமாக்கும் பூனைக்கு அது உதவாது. கடுவனின் கருத்தடையில் விதைப்பையில் போடும் சிறு கீறலைப் பெரும்பாலும் தைப்பதில்லை. சில நாளில் தானே மூடிக்கொள்ளும். அந்த இடத்துக்குச் சட்டை ஒத்துவராது, சிறுநீரில் நனையும்.

முகத்திலும் காதிலும் உள்ள புண்ணுக்கு நாக்கு எதிரியே அல்ல, எட்டாது. அங்கே எதிரி பின்காலின் நகம். கூம்பு அதையும் தடுக்கும். நகநுனியை வெட்டிவிட்டால் இன்னும் பத்திரம்.

கால் புண்ணுக்குக் கட்டுப்போடுவது எளிதாகத் தெரிந்தாலும் வீட்டில் செய்வதில் அபாயம் அதிகம். இறுகிய கட்டுக்குக் கீழே இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதமே அழுகிய பூனைகள் உண்டு. ரப்பர் பட்டையால் கட்டை நிறுத்துவது அதைவிட மோசம். மயிருக்குள் மறைந்து தோலை அறுத்துக்கொண்டே போகும். மருத்துவர் போட்ட கட்டிலும் வெளியே தெரியும் விரல்களைக் காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் விலகி வீங்கியிருந்தாலோ, சில்லிட்டிருந்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டியதுதான்.

கசப்பு மருந்து தெளித்தால் நக்காது என்ற யோசனை நாய் வளர்ப்பிலிருந்து வந்தது. பூனைக்கு இனிப்பு தெரியாது, கசப்பு நன்றாகத் தெரியும். அந்தக் கசப்பு பட்டதும் வாயெல்லாம் நுரை தள்ளி, உமிழ்நீர் வடித்து, சுவையைப் போக்க இன்னும் நக்கத் தொடங்கும். தெளிப்பான்கள் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் திறந்த புண்ணில் பட்டால் எரியும். கட்டின் வெளிப்புறத்தில் தெளிப்பதற்கு மட்டும் ஏதோ பயன் உண்டு எனலாம்.

புண்ணில் தடவுவது எதுவும் பூனையின் வயிற்றுக்குள் போகும் என்று கொள்வதே பத்திரமான கணக்கு. வீட்டு அலமாரியில் இருக்கும் பல பொருள்கள் இந்தக் கணக்கில் தோற்றுவிடுகின்றன. டெட்டாலில் உள்ள குளோரோசைலினால், தரை கழுவும் பினாயில், தலைவலித் தைலங்களில் உள்ள கற்பூரமும் மீத்தைல் சாலிசிலேட்டும், மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் உள்ள பென்சோகெயின், தேயிலைமர எண்ணெய் எல்லாமே பூனைக்கு நஞ்சு. தமிழ்நாட்டில் மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மஞ்சள் முதலியவற்றை அரைத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தடவுவது வழக்கம். கால்நடைத் துறையும் பரிந்துரைக்கும் மருந்து அது. மாட்டுக்கு நன்மையே செய்கிறது. பூனை அதை நக்கி விழுங்கினால் பூண்டு அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கழுவுவதற்கு உப்புநீர் போதும்: கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. பொவிடோன் அயோடின் கிடைத்தால் வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் சுத்தமாவதாகத் தோன்றும், புதுத்திசுவையும் அது கொல்கிறது.

நாக்கைக் கட்டிப்போட்டவுடன் நாக்கு செய்துவந்த வேலையெல்லாம் வளர்ப்பவர் தலையில் விழுகிறது. பலரும் யோசிக்காத பகுதி இது. அமெரிக்காவில் எக்ஸ்டீன், ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பூனைகள் விழித்து நடமாடும் நேரத்தில் சுமார் 8 விழுக்காட்டை நக்கிச் சுத்தம் செய்வதில் செலவிட்டன. தெள்ளுப்பூச்சி உள்ள சூழலில் கூம்பு அணிவித்த பூனைகளின் உடலில், மூன்று வாரங்களுக்குப் பின், அணியாதவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. ஆகவே கூம்புக் காலத்தில் நாள்தோறும் சீப்பால் வாரிவிட்டு, ஈரத் துணியால் முகத்தையும் வால் அடியையும் துடைத்துவிட வேண்டும். தெள்ளுப்பூச்சி மருந்து போடுவதானால் பூனைக்குரியதாகப் பார்த்துப் போட வேண்டும். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைக்கும்.

வெப்ப நாடுகளில் இன்னும் பெரிய பகை ஈ. திறந்த புண்ணில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். கூம்புக்குள் தலை மாட்டிய பூனையால் ஈயை விரட்டவும் முடியாது, முட்டையை நக்கி எடுக்கவும் முடியாது. அந்த நாள்களில் அதை வீட்டுக்குள்ளேயே, முடிந்தால் வலையடித்த அறையில் வைத்திருக்க வேண்டும். புழு வைத்த புண்ணில் அந்துருண்டைப் பொடியைத் தூவுவது, டர்பன்டைன் ஊற்றுவது, கற்பூர எண்ணெய் விடுவது ஆகியவை மாட்டிலும் நாயிலும் பார்த்துப் பழகிய வைத்தியங்கள். பூனையிடம் புழுவோடு பூனையும் போய்விடும். மருத்துவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்.

சாப்பாட்டையும் எண்ணிவர வேண்டும். கூம்பு பிடிக்காத பூனை பட்டினி கிடக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாத பூனையின் உடல் சேமிப்புக் கொழுப்பை ஒரேயடியாக இளக்கிக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் கொழுப்பேறிச் செயலிழக்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடாவிட்டால், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கூம்பைக் கழற்றி, கண்ணெடுக்காமல் அருகே இருந்து, முடிந்ததும் மாட்டிவிடலாம். அப்படியும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாட்டுவதும் கழற்றுவதும் கடி வாங்கும் வேலை. பெரிய துண்டில் நான்கு கால்களும் உள்ளே இருக்கும்படி சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, பின்பக்கமிருந்து கூம்பை நுழைத்தால் இருவருக்கும் பதற்றம் குறையும். கடித்துவிட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசி பற்றி அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். பூனைப் பல் ஊசிபோல் மெல்லியது. துளை சின்னதாக மூடிக்கொண்டு பாஸ்டுரெல்லா உள்ளே பெருகும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். பூனைக்கே காயம் முன்பின் தெரியாத விலங்கின் கடியால் வந்திருந்தால் அதற்கும் ரேபிஸ் தடுப்பூசி வேண்டும்.

தையல் பிரித்த அன்றே கூம்பைத் தூக்கி எறியாமல் ஒரு நாள் வைத்திருப்பது நல்லது. நூல் இருந்த சிறு துளைகள் மூட நேரம் எடுக்கும். எக்ஸ்டீனும் ஹார்ட்டும் 72 மணி நேரம் கூம்போடு வைத்திருந்து விடுவித்த பூனைகள், அடுத்த 12 மணி நேரத்தில் வழக்கத்தைவிட 67 விழுக்காடு கூடுதலாக நக்கின. விட்டுப்போன சுத்தத்தை ஈடுகட்டும் இந்த வேகம் தானே அடங்கும். முழு உடலையும் மாற்றி மாற்றி நக்கினால் கவலையில்லை. பழைய தழும்பிலேயே திரும்பத் திரும்ப நிற்கும் நாக்குக்கு மட்டும் மீண்டும் கூம்பு தேவைப்படும்.

புண் ஆறி வாரங்கள் கழிந்தும் சில பூனைகள் ஒரே இடத்தை நக்கி மயிரை உதிர்த்துவிடும். பழக்கமாகிவிட்டது, மனக்கவலையால் நக்குகிறது என்று இதை ஒதுக்கிவிடுவதுண்டு. அப்படி மனநிலைக் காரணம் என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணமாக இருந்தது. அதில் பெரும்பங்கு உணவு ஒவ்வாமை, பூச்சிக்கடி ஒவ்வாமை போன்ற அரிப்பு நோய்கள். மனநிலை மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டே பூனைகள். மீதி மூன்றுக்கு இரண்டும் கலந்திருந்தன. ஆகவே விடாமல் நக்கும் பூனைக்கு ஒவ்வாமையையும் தெள்ளுப்பூச்சியையும் தோல் பூஞ்சையையும் முதலில் தேட வேண்டும். வயிற்றின் அடியில் மட்டும் நக்கினால் சிறுநீர்ப்பை வலியையும், இடுப்பின் மேலே நக்கினால் மூட்டு வலியையும் மருத்துவர் சோதிப்பார். இவை எதுவும் இல்லையென்று உறுதியான பிறகே, வீட்டுக்கு வந்த புதுப் பூனை, மாறிய வீடு, விளையாட்டில்லாத தனிமை ஆகியவற்றின் பக்கம் தேடல் திரும்பும்.